அருகில் இருப்பவரின் உதவியுடன்

மார்ச் 3, செவ்வாய்

ஆஜரானவர்கள்: நான், மகள் ஜெமிமா, அவள் அப்பா. போனில் ஜெமிமாவின் சிநேகிதி நிலோபர், கோயம்புத்தூரிலிருந்து. ஆக வீட்டில் மூவர், வெளியே ஒருவர். நேரம் மாலை நான்கேகால். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பதினொரு வருஷமாகச் செயலாளர் நான். கூட்டக் குறிப்பு எழுதி எழுதி, யார் யார் இருந்தார்கள் என்று முதலில் போடாவிட்டால் எனக்கு எழுத்தே ஓடாது.

விஷயம்: சென்னையில் ஒரு நிறுவனம் பார்வையில்லாத பெண்களுக்கு ஒரு வருஷப் பயிற்சி கொடுக்கிறது. பார்வையில்லாதவர்கள், கை நடுங்குகிறவர்கள், வயதானவர்கள் என்று எல்லோராலும் ஒரு இணையதளத்தைத் தானாகப் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துப் பார்த்து, முடியாத இடத்தைச் சரிசெய்யச் சொல்லும் வேலைக்கான பயிற்சி. விடுதி உண்டு. முடித்தால் வேலை உண்டு. பன்னிரண்டு இடம். விண்ணப்பம் இணையதளத்தில் மட்டும். கடைசி நாள் மார்ச் 20, மாலை ஐந்து மணி.

ஜெமிமா அந்த அறிவிப்பை நான்கு தடவை ஓடவிட்டுக் கேட்டாள். அவளுடைய லேப்டாப்பில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் கீச்சான். தண்ணீரை விட்டு எடுத்ததும் கீச் கீச் என்று கத்தும் மீனின் பெயர். அவ்வளவு வேகமாகப் பேசும். எனக்கு ஒன்றும் பிடிபடாது, அவளுக்கு எல்லாம் விளங்கும்.

"போய்ட்டு வரட்டுமே. சென்னை என்ன சீமையிலயா இருக்கு?" என்றார்கள் அவள் அப்பா.

விடுதியில் குளியலறை எந்த மாடியில் என்று மட்டும் நான் கேட்டேன். நிலோபர் போனில் சிரித்தாள். "அதெல்லாம் நாங்க போய்ப் பாத்துச் சொல்றோம் ஆன்ட்டி. பாக்கறதுன்னா, தடவித்தான்."

நிலோபருக்கு அவள் அண்ணன் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துவிட்டானாம். ஜெமிமா தானே போடப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

முதல் முயற்சி, 4.50. கீச்சான் "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லவில்லை. "பேரு வைக்காம பிள்ளை பெத்துப் போட்டிருக்காங்க," என்றாள் ஜெமிமா. தட்டித் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். ஆனால் மூன்று வேலைக்குக் கண் உள்ள ஆள் வேண்டியிருக்கிறது. ஒன்று, படத்தில் கோணல்மாணலாக எழுத்துகள் வருகின்றன, அவற்றைப் பார்த்து அடிக்க வேண்டும். கீச்சானுக்கு அது வெறும் "படம்". இரண்டு, பிறந்த தேதியைத் தட்டச்சு செய்ய விடுவதில்லை, காலண்டரில் அம்புக்குறியை மவுசால் தட்ட வேண்டும். மூன்று, ஓடிபி. அவளுடைய அடையாள அட்டையில் என் போன் எண்தான் பதிந்திருக்கிறது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பதிந்தது. தொடக்கத்தில் ஒரு ஓடிபி, முடிவில் ஒன்று, இரண்டும் எனக்குத்தான் வரும்.

பத்து நிமிஷம் கொடுக்கிறார்கள். அதற்குள் முடிக்காவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். பாதியில் சேமித்து வைக்க வழியில்லை. எட்டாம் பக்கத்தில் இருக்கும்போது அழிந்தது.

மார்ச் 4, புதன்

மீன்காரி வந்தாள். லெந்து நாள், மீனும் கறியும் தொடாத தவக்காலம் என்று தெரிந்தும் வருகிறாள். திருப்பி அனுப்பினேன்.

மார்ச் 6, வெள்ளி

உபவாசம். முயற்சி 2, 3, 4.

காலண்டருக்கு எத்தனை தட்டு என்று இன்று எண்ணினேன். ஒரு தட்டுக்கு ஒரு மாதம் பின்னால் போகிறது. வருஷத்தை நேரடியாகத் தேர்ந்தெடுக்க இடமில்லை. ஜெமிமா பிறந்தது 2001 நவம்பர். இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு தட்டு. நான்கு நிமிஷம் அதற்கே போய்விடுகிறது. எழுபது வயது ஆளாக இருந்தால் பிறந்த நாளுக்குப் போய்ச் சேருமுன் கதவைச் சாத்திவிடுவார்கள்.

நான்காம் முயற்சியில் 2007 ஜூன் வந்ததும் கை நின்றுவிட்டது. அந்த மாதம்தான் அவளைப் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் கொண்டுபோய் விட்டோம். மூன்றாம் நாள் நான் தனியாகப் பஸ் ஏறிப் போய் அழைத்து வந்துவிட்டேன். பிள்ளை அழுததாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். அப்புறம் ஒரு புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிரெய்லை நானே படித்தேன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான். வீட்டிலேயே வைத்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பி.ஏ. வரைக்கும் தபாலிலேயே படித்தாள். ஒரு ராத்திரிகூட வெளியே தங்கினதில்லை.

"அம்மா, என்ன, நின்னுட்ட? கை வலிக்கா?"

கை வலிக்கிறது என்றேன். நேரம் முடிந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

உதவி எண்ணுக்கு அழைத்தோம். இருபத்தாறு நிமிஷம் பாட்டு போட்டார்கள். பிறகு ஒரு பையன் எடுத்தான். ஜெமிமா பட்டன் முதல் காலண்டர் வரை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"மேடம், பக்கத்துல கண்ணு தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா, அவங்கள விட்டுப் போட்டுடுங்களேன்."

"சார், இது எதுக்கான பயிற்சின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். நோட்டீஸ் இங்கதான் இருக்கு. பார்வையற்றோர் பிறர் துணையின்றி இணையதளங்களை..." பாதியில் நிறுத்திவிட்டான். பிறகு மெதுவாக, "மேலிடத்துல சொல்றேன் மேடம்," என்றான்.

"பாவம், அவன் என்ன செய்வான்," என்றாள் ஜெமிமா. பிறகு, "இதுதான் நுழைவுத் தேர்வு போலிருக்கு. உள்ள நுழைய முடிஞ்சா பாஸு," என்று அவளே சிரித்தாள். அவள் அப்பாவும் சிரித்தார்கள். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

மார்ச் 11, புதன்

கடைத்தெருக் கம்ப்யூட்டர் சென்டருக்கு அவளை அழைத்துப் போனேன். சென்டர்க்காரர் என்னைப் பார்த்து, "பாப்பா பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

"பாப்பாவுக்கு இருவத்திநாலு வயசு. பேரு ஜெமிமா. கேட்டா பாப்பாவே சொல்லும்," என்றாள் இவள்.

அவர் வேகமாகத் தட்டுகிறார். கோணல் எழுத்தெல்லாம் அவருக்குப் பழக்கம். காலண்டரையும் ஒரே மூச்சில் கடந்துவிடுவார் என்றுதான் தோன்றியது. ஓடிபி கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ஜெமிமா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். "நீ கடைக்குப் போகையில சீட்டைக்கூட மறக்க மாட்டியேம்மா," என்றாள். வயசாகிறது என்றேன். மறுபடி போகலாம் என்றால், சென்டர்க்காரர் நாளை முதல் அக்கா மகள் கல்யாணத்துக்காக ஒரு வாரம் கடையைச் சாத்துகிறாராம்.

மார்ச் 13, வெள்ளி

முயற்சி 9, 10. பத்தாவது நன்றாகப் போனது. பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். பால் பொங்கவில்லை. வந்து பார்த்தால் நேரம் முடிந்திருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து சங்கக் கூட்டம். ஆஜர் பத்தொன்பது பேர். ஜெமிமாவும் வந்து பின் பெஞ்சில் இருந்தாள். விண்ணப்பங்களுக்கான ஜெபத்தை நான்தான் ஏறெடுத்தேன். ரோஸ்மேரியின் பையனுக்கு வெளிநாட்டு விசா, எஸ்தர் டீச்சர் மகளுக்குப் பரீட்சை, ஒரு மருமகளுக்குக் குழந்தை பாக்கியம். கடைசியில் ஜெமிமாவின் விண்ணப்பத்தையும் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகையில் சொன்னாள்: "ரோஸ்மேரி ஆன்ட்டி பையனுக்கு 'விசா கிடைக்கச் செய்யும் ஆண்டவரே'ன்னு நீ ஜெபிக்கே. டீச்சர் மகளுக்கு 'நல்ல மார்க்கு கொடும்'னு கேக்கே. எனக்கு மட்டும் 'உமது சித்தப்படி ஆகட்டும்'. ஏம்மா, எனக்குன்னா மட்டும் அவருக்குச் சித்தம் தனியா இருக்கா?"

தேவ சித்தத்தைக் கேலி பேசக் கூடாது என்று கண்டித்தேன். சித்தப்படி ஆகட்டும் என்று ஜெபிப்பதில் என்ன குற்றம்? அதைவிடப் பெரிய ஜெபம் உண்டா? இதை எழுதும்போதும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

மார்ச் 17, செவ்வாய்

முயற்சி 12. தளம் திறக்கவே இல்லை. கூட்டம் அதிகமாம்.

துணி மடிக்கும்போது அவள் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பஸ் டிப்போவில் டைம் கீப்பர் வேலை. அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. "அவ போய்ட்டா நீ என்னட்டி செய்வ?" என்று கேட்டார்கள்.

எனக்கா வேலையில்லை என்றேன். சங்கம் இருக்கிறது, வீடு இருக்கிறது. பீரோவை ஒழுங்குபடுத்தியே ஆறு மாசம் ஆகிறது.

"சரி," என்றார்கள். எழுந்து போகவில்லை. ஒரு துண்டை எடுத்து மடித்தார்கள். கோணலாக இருந்தது. நான் பிரித்து மறுபடி மடித்தேன்.

மார்ச் 19, வியாழன்

பகல் முழுக்கத் தளம் திறக்கவில்லை. சாயங்காலம் ஆறு ஐம்பதுக்குத்தான் வழி விட்டது. முயற்சி 14. கோணல் எழுத்தை ஒரே தடவையில் வாசித்துச் சொன்னேன். காலண்டரை மூன்றரை நிமிஷத்தில் முடித்தேன். லேப்டாப் கேமராவில் முகம் வட்டத்துக்குள் இருக்க வேண்டும், கண்ணைச் சிமிட்ட வேண்டும் என்று புதிதாக ஒன்று வந்தது. அதையும் திரையில்தான் எழுதிக் காட்டுகிறார்கள். "ஏன், எத்தனை தடவை வேணும்னாலும் சிமிட்டுதேன், வேலை இல்லாமத்தான கிடக்கு," என்று ஜெமிமா சிமிட்டினாள். ஏற்றுக்கொண்டது. கடைசிப் பக்கம். இனி ஓடிபி ஒன்றுதான். அவள் முகம் சிவந்திருந்தது.

ஏழு மணி ஆயிற்று. எங்கள் வீட்டில் இருபத்தாறு வருஷமாக ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். போனை அணைத்து மேசை இழுப்பறையில் வைத்துவிடுவது முறை. ஜெபத்தின் நடுவே யாரும் பேசுவதில்லை, எழுவதில்லை. காய்ச்சலிலும் தவறினதில்லை, புயல் வந்த வருஷமும் தவறினதில்லை. நான் பாட்டைத் தொடங்கினேன்.

"அம்மா, போனு," என்றாள் ஜெமிமா. நான் பாடிக்கொண்டிருந்தேன். "அம்மா, ஒரே நிமிசம்மா." அவள் அப்பா இழுப்பறையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டாம் சரணத்துக்குப் போனேன். அவள் மூன்று தடவை ஓடிபி கேட்டுத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் தட்டவில்லை. எழுந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்து தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டாள். பிரெய்ல் வேதாகமத்திலிருந்து சங்கீதத்தை அவள்தான் விரல் வைத்து வாசித்தாள். குரல் சீராக இருந்தது.

ஜெபம் முடிந்து போனைத் திறந்தால் மூன்று குறுஞ்செய்தி. மூன்றும் காலாவதி. மூன்று தடவை தவறினால் இருபத்துநாலு மணி நேரம் பூட்டு.

கர்த்தருக்கென்று வைத்த நேரம். வேறென்ன செய்ய முடியும்?

மார்ச் 20, வெள்ளி

பூட்டு ஏழு மணிக்கு மேல்தான் திறக்கும். விண்ணப்பம் ஐந்து மணிக்கு மூடும். காலையிலிருந்து ஜெமிமா உதவி எண்ணுக்கு ஒன்பது தடவை அழைத்தாள். எங்களால் முடியாது என்பதையே ஒன்பது விதமாகச் சொன்னார்கள்.

ஐந்து மணிக்கு லேப்டாப்பை மூடினாள். அழவில்லை. டீ குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நேத்து எத்தன மணிக்கும்மா ஜெபம் ஆரம்பிச்ச?"

"ஏழு."

"என் வாட்ச்சு பேசும்லா. பாட்டு எடுக்கையில தட்டிக் கேட்டேன். ஆறு அம்பத்தாறுன்னு சொல்லிச்சு."

அவள் அப்பா பேப்பரைக் கீழே வைத்தார்கள். நான் சுவர்க் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்றேன்.

நேற்றைய குறிப்பில் ஏழு என்று எழுதியிருக்கிறேன். பதினொரு வருஷக் கூட்டக் குறிப்பில் ஒரு மணியோ தேதியோ தப்பாக எழுதினதில்லை.

மார்ச் 21, சனி

வாசலில் வந்த தபாலை ஜெமிமா என்னிடம் வாசிக்கக் கொடுக்கவில்லை. அப்பா வரும் வரை வைத்திருந்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

கோவிலுக்குப் போகும்போது என் தோளைப் பிடிக்கவில்லை. குச்சியை விரித்துக்கொண்டு தனியாக நடந்தாள். நான் நாலடி பின்னால் போனேன். சாக்கடை மூடி உடைந்திருக்கும் இடத்தில் சத்தம் போட வாயெடுத்தேன். குச்சி அதற்குள் தடவிக் கண்டுபிடித்துவிட்டது.

மார்ச் 24, செவ்வாய்

நிலோபர் பேசினாள். ஜெமிமா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எனக்கும் கேட்டது. பன்னிரண்டு இடத்துக்கு மொத்தம் ஏழு விண்ணப்பம்தான் வந்ததாம். ஏழு பேருமே அண்ணனோ தம்பியோ பக்கத்து வீட்டுக்காரரோ போட்டுக் கொடுத்தவர்கள். தானாகப் போட்டவர் ஒருவருமில்லை. ஐந்து இடம் சும்மா கிடக்கிறது. ஏப்ரல் 8 வகுப்பு தொடங்குகிறது.

"மெயில் போடுடி. என்ன ஆச்சுன்னு உள்ளது உள்ளபடி எழுது," என்றாள் நிலோபர்.

ஜெமிமா எழுதினாள். இணையதளத்தின் குறைகளை மட்டும் எழுதினாள். ஜெபத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்பாவிடம் வாசித்துக் காட்டும்போது கேட்டேன்.

மார்ச் 26, வியாழன்

பதில் வந்தது. ஆஜர்: நாங்கள் மூவரும். கீச்சானை நிதானமாக ஓடவிட்டாள், எங்களுக்கும் விளங்கட்டும் என்று.

"தங்கள் மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றது. 19.03 அன்று தங்கள் பதிவு எண்ணுக்கு மூன்று முறை ஓடிபி அனுப்பப்பட்டது. அது பயன்படுத்தப்படவில்லை. எனவே தாமதம் விண்ணப்பதாரர் தரப்பிலானது. மேலும், அருகில் இருப்பவரின் உதவியுடன் விண்ணப்பிக்கும் வழி தங்களுக்கு எப்போதும் திறந்தே இருந்தது."

"ஒரு தடவை இன்னும்," என்றார்கள் அவள் அப்பா. அவள் ஓடவிட்டாள். அருகில் இருப்பவர் அங்கேதான் இருந்தேன். கையில் கீரைக்கட்டு.

யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

அவள் அப்பா டிப்போவுக்குப் போன பிறகு ஜெமிமாவின் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். தமிழில் அடிக்க வீடியோ பார்த்துக் கற்று வைத்திருக்கிறேன், கொஞ்சம் மெதுவாக வரும். கீச்சானை நிறுத்தத் தெரியவில்லை. நான் அடிக்கிற ஒவ்வொரு வார்த்தையையும் அது உரக்கச் சொன்னது. ஜெமிமா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எப்படி நிறுத்துவது என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பாதிக் கடிதத்தில் கத்திச் சத்தம் நின்றது. நான் கையை எடுக்காமல் அடித்தேன்.

முடித்த பிறகு வந்து பின்னால் நின்றாள். வெங்காய வாடை அடித்தது. முதலிலிருந்து ஓடவிட்டுக் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு மாத்து," என்றாள். "விண்ணப்பதாரர், விண்ணப்பதாரர்னு எழுதியிருக்க. என் பேரைப் போடு."

மாற்றினேன். அனுப்பும் பட்டனை அவளே தட்டினாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. நகல் கீழே.

ஐயா / அம்மா,

ஜெமிமாவுக்கு நீங்கள் அனுப்பிய பதிலில், அருகில் இருப்பவரின் உதவி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அருகில் இருப்பவர் நான், அவளுடைய தாயார்.

மார்ச் 19 அன்று வீட்டில் இருந்தவர்கள் மூவர்: ஜெமிமா, அவள் தகப்பனார், நான். ஜெமிமா பதினான்காம் முறையாக உங்கள் படிவத்தைக் கடைசிப் பக்கம் வரை கொண்டுபோயிருந்தாள். ஓடிபி என் போனுக்கு வந்தது. நான் போனை அணைத்து இழுப்பறையில் வைத்துவிட்டு, மாலை 6.56க்கு ஜெபத்தைத் தொடங்கினேன். எங்கள் ஜெப நேரம் ஏழு. நான்கு நிமிஷம் முன்னதாகத் தொடங்கியது நான். அவள் இரண்டு முறை கேட்டாள். நான் கொடுக்கவில்லை. அதற்கு முன் ஒரு நாள் போனை வீட்டில் விட்டுவிட்டு அவளைக் கம்ப்யூட்டர் சென்டருக்கு அழைத்துப் போனதும் நான்தான். அவள் போய்விடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆகவே, தாமதம் ஜெமிமா தரப்பிலானது என்று உங்கள் பதிவில் இருப்பது தவறு. அதைத் திருத்த வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கெட்டவள் இல்லை. இருபத்துநாலு வருஷமாக அவளுக்குக் கண்ணாக இருந்தவள். அப்படிப்பட்ட நானே இதைச் செய்தேன் என்றால், மற்ற வீடுகளில் எப்படியோ, எனக்குத் தெரியாது. உங்கள் பட்டன்களுக்குப் பெயர் இருந்திருந்தால், பிறந்த தேதியை அவளே அடிக்க முடிந்திருந்தால், கோணல் எழுத்துக்குப் பதிலாகக் காதால் கேட்கிற மாதிரி ஏதாவது வைத்திருந்தால், ஓடிபியை அவளுடைய மின்னஞ்சலுக்கே அனுப்பியிருந்தால், அவள் என்னை எதற்கும் கேட்டிருக்க வேண்டியதில்லை. எனக்கும் அந்த இழுப்பறை கிடைத்திருக்காது.

ஐந்து இடம் காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டோம். ஜெமிமா தன் கையாலேயே நிரப்பும்படி அந்தப் படிவத்தை ஒரே ஒரு நாள் திறந்துவிடுங்கள். பதிலை அவளுடைய மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், என் போனுக்கு வேண்டாம். ஏப்ரல் 8 வகுப்பு. தயவுசெய்து சீக்கிரம் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
கிருபாவதி தேவதாசன்,
ஜெமிமாவின் தாயார்